டீக்கடையில் சைக்கிளைச் சாத்திய பிறகு

ஞாயிறு விடியலில் திருவான்மியூரில் கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போகும் சைக்கிள் கூட்டங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இது. கியர் மாற்றுவது, டியூப் மாற்றுவது, எவ்வளவு தண்ணீர் குடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் நிறைய இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் எப்படிப் பேசுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஓட்டுவதற்காக மட்டும் வருகிறவர்கள் சீக்கிரம் நின்றுவிடுகிறார்கள், பேச வருகிறவர்கள்தான் வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள் என்பது என் கணிப்பு. அதனால் சொல்கிறேன்.

1. யாரையும் அங்கிள் என்று கூப்பிடாதீர்கள். தலை முழுக்க நரைத்திருந்தாலும் அண்ணா போதும்; பெண்கள் என்றால் அக்கா. ‘சார்’ என்றால் திங்கட்கிழமை ஞாபகம் வந்துவிடுகிறது. ‘ப்ரோ’வை நான் பொறுத்துக்கொள்வேன், மற்றவர்களுக்கு உத்தரவாதம் இல்லை.

2. சைக்கிள் விலையைக் கேட்காதீர்கள். கடையில் கொடுத்த விலை ஒன்று, வீட்டில் சொன்ன விலை ஒன்று. வீட்டுக்காரரும் பக்கத்து சைக்கிளிலேயே வந்திருக்கக்கூடும்.

3. ஓட்டும்போது பேசலாம், அளவோடு. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் அந்த வேகம் நெடுந்தூரம் தாங்கும். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகமாக மிதிக்கிறீர்கள். இதயத் துடிப்பு காட்டும் கருவி வாங்கும்வரை இதை வைத்துச் சமாளிக்கலாம். பேசுவதற்காக இருவர் பக்கம் பக்கமாக ஓட்டுவது சாலை காலியாக இருக்கும்போது மட்டுமே. பின்னாலிருந்து ‘கார்’ என்று குரல் வந்தால், கதை எந்தக் கட்டத்தில் இருந்தாலும் ஒற்றை வரிசை. முட்டுக்காடு பாலத்தில் பேச்சே வேண்டாம். பக்கக் காற்று தள்ளி, முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தில் உங்கள் முன்சக்கரம் உரசினால், விழப்போவது நீங்கள்தான். அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

4. டீக்கடை நமக்காகத் திறந்தது அல்ல. மீன்பிடிக்கப் போய் வந்தவர்களும், கட்டட வேலைக்குப் போகிறவர்களும், இரவுக் காவல் முடிந்தவர்களும் நமக்கு முன்பே அங்கே வாடிக்கை. பெஞ்சை அடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். சைக்கிளை பாய்லர் பக்கம் சாத்தாதீர்கள். ‘இது எத்தனை கிலோ இருக்கும்?’ என்று அவர்கள் கேட்டால் தூக்கிப் பார்க்கக் கொடுங்கள்.

5. டீ கைக்கு வந்த பிறகு சைக்கிளைப் பற்றிப் பேசாதீர்கள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். புதியவர்கள் ஆர்வத்தில், 28 மில்லிமீட்டர் டயருக்கு எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று தொடங்கிவிடுவார்கள். அதைக் கிளம்புவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். டீக்கடையில் நாங்கள் பேசுவது வேறு: வராமல் போன தண்ணீர் லாரி, மாடித் தோட்டத்துக் கத்தரிச் செடியில் மாவுப்பூச்சி, பையனுக்குக் கவுன்சலிங்கில் கிடைத்த கல்லூரி, நேற்றைய சூப்பர் கிங்ஸ் ஆட்டம், இளையராஜாவா ரஹ்மானா. கடைசிக் கேள்வியைத் தீர்த்துவைக்க முயலாதீர்கள். பெரியவர்கள் முயன்று ஓய்ந்திருக்கிறார்கள்.

இது வெட்டிப் பேச்சு என்று தோன்றும், ஆனால் காரணம் உண்டு. வேகத்தைப் பொறுத்தவரை எங்களுக்குள் ஒரு படிவரிசை உண்டு. யார் முன்னால் போவார், யார் கடைசியாக வந்து சேர்வார் என்று எல்லோருக்கும் தெரியும். சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் அந்த வரிசை டீக்கடைக்குள்ளும் வந்துவிடும், கடைசி ஆள் வாயே திறக்க மாட்டார். மாவுப்பூச்சி என்று பேச்சு திரும்பினால் அவர்தான் வாத்தியார். தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்க வேண்டும் என்று அவர் விளக்கும்போது, மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டரில் பறந்து வந்தவர் வடையைக் கடிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். அடுத்த ஞாயிறும் அந்தக் கடைசி ஆள் வருவதற்கு இது ஒரு காரணம்.

6. ஜூலையில் விதிவிலக்கு. டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் மூன்று வாரம் நடக்கும், 21 கட்டங்கள். அன்றன்றைய ஓட்டம் பெரும்பாலும் நம் நேரப்படி இரவு ஒன்பது மணியை ஒட்டி முடியும். சனிக்கிழமை மலையேற்றத்தைப் பார்த்துவிட்டு விடியலில் எழுந்து வந்தவர்களைக் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம். முடிவைச் சொல்வதற்கு முன், பார்க்காதவர்கள் உண்டா என்று கேளுங்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் ஒவ்வொரு ஜூலையிலும் அந்தப் பந்தயம் பிறந்த கதையைச் சொல்வார். 1902 நவம்பர், பாரிஸ். ‘லோட்டோ’ பத்திரிகை விற்பனையில் போட்டியாளரிடம் தோற்றுக்கொண்டிருந்தது. ஆசிரியர் ஆன்றி தெக்ராஞ்ச் கூட்டிய கூட்டத்தில் ஜியோ லெஃபெவ்ர் என்ற இளம் நிருபர், நாட்டையே சுற்றி ஒரு சைக்கிள் பந்தயம் வைக்கலாமே என்றார். மதியச் சாப்பாட்டில் அதைப் பேசினார்கள். 1903 ஜூலையில் 60 பேர் கிளம்பினார்கள். தெரிந்த கதைதானே என்று முகத்தைத் திருப்பாதீர்கள். நண்பர் சொல்லும்போது லெஃபெவ்ர் அன்று சாப்பிட்ட பதார்த்தம் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. இந்த வருஷம் என்ன என்று தெரிந்துகொள்ளவே நான் உட்காருகிறேன்.

7. ஐம்பதைத் தாண்டியவர்களின் பழைய சைக்கிள் கதைகள், ஐந்தாம் விதியில் சேராது. அவை ஊர்க்கதைகள். வாடகைக் கடை நோட்டில் பெயரும் நேரமும் எழுதி எடுத்த சைக்கிள், கால் எட்டாமல் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டிய குரங்கு பெடல், டைனமோ எரியாமல் டபுள்ஸ் போய் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்டது, பஞ்சாயத்துக்கு வரி கட்டி வாங்கிய வில்லை. 2024இல் ‘குரங்கு பெடல்’ படம் வந்த சமயத்தில் வேறு பேச்சே இல்லை.

புதுக்கோட்டைப் பக்கத்தவர் யாராவது இருந்தால் கட்டாயம் பேசவிடுங்கள். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை முன்னின்று வளர்த்தார். லேடீஸ் சைக்கிள் போதாமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளிலேயே பழகியவர்கள், பிறகு அதுவே மேல் என்றார்கள்: முன் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா. அந்தக் கதை நடக்கும்போது டீ ஆறினாலும் எழுந்து போகாதீர்கள்.

8. சொந்த ஊர் எது என்று கேட்கலாம். ஊரில் எந்தத் தெரு என்று கேட்கக் கூடாது. சம்பளம், கல்யாணம், உடல் எடை ஆகியவையும் அப்படியே.

9. கூட்டத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் இருப்பார். உங்கள் முழங்காலை அவரிடம் காட்டாதீர்கள். அவரும் ஞாயிற்றுக்கிழமை என்றுதான் வந்திருக்கிறார்.

10. என்றாவது பிரெவே என்ற, நேரக் கெடு வைத்த நெடுந்தூரச் சவாரியில் 600 கிலோமீட்டர் போவீர்கள். 200 கிலோமீட்டருக்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம், 600க்கு 40. இரண்டாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு, வந்து சேர்ந்ததற்குச் சாட்சியாக ஏ.டி.எம். சீட்டை எடுத்துப் பையில் வைத்துவிட்டு மறுபடி ஏறும்போது கண் செருகும். டீக்கடையில் பழகிய பேச்சு உதவுவது அப்போதுதான். பக்கத்தில் வருகிறவருக்குக் கதை சொல்லாதீர்கள், கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். கேள்வி கேளுங்கள்: எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் யார், கல்யாணப் பந்தியில் என்ன பாயசம், அந்தப் படத்தில் வில்லனாக வந்தவர் பெயர் என்ன? பதிலுக்கு ‘ம்’ மட்டும் வர ஆரம்பித்தால் இருவரும் இறங்கி, பஸ் நிழற்குடையில் இருபது நிமிடம் படுத்துவிடுங்கள்.

11. இரண்டு வாரம் வராதவர் திரும்பி வந்தால் ‘ஆளையே காணோமே’ என்று கேளுங்கள். காரணத்தை அவராகச் சொன்னால் சரி.

12. டீக்காசு. முதல் வாரம் நீங்கள் முந்தினாலும் கொடுக்க விடமாட்டார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து விடுவார்கள், அப்போது தயங்காதீர்கள். போனில் சிக்னல் கிடைக்காத காலையும் வரும். அதற்காக ஜெர்சியின் முதுகுப்பையில் சில நூறு ரூபாய்த் தாள்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். வியர்வையில் ஊறிய நோட்டை டீ மாஸ்டர் இரண்டு விரலால்தான் வாங்குகிறார்.