உயிர் மீன் வியாபாரம்: வதைக்காமல் வெட்டும் முறை

வெள்ளாறும் வெலிங்டன் ஏரியும் வீராணமும் அருகில் இருப்பதால், பெண்ணாடம் பகுதி மக்கள் மீனின் ருசி அறிந்தவர்கள். பண்ணைக் குட்டையில் வளர்ந்த கட்லா, ரோகு, விரால் ஆகியவற்றையும் உயிரோடு பார்த்து வாங்கவே விரும்புவார்கள். மளிகையோடு மீன் வியாபாரமும் செய்யும் வணிக அன்பர்கள், மீனைக் கொல்லும் முறையையும் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டம் சொல்வது: 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி, மனிதர் நீங்கலாக எல்லா உயிர்களும் பிராணிகளே. மீனும் அதில் அடக்கம். உணவுக்காகக் கொல்வதற்கு விலக்கு உண்டு. ஆனால் தேவையற்ற வேதனை கொடுத்தால் அந்த விலக்கு செல்லாது.

தவிர்க்க வேண்டியவை: தரையில் போட்டுத் துடிக்க விடுவது, உயிரோடு ஐஸில் புதைப்பது, உப்பில் போட்டுச் சாகடிப்பது, மயக்காமலே அறுப்பது. இவை மீனுக்கு வேதனை தருபவை என்று, இந்தியாவும் உறுப்பினராக உள்ள உலக விலங்கு சுகாதார அமைப்பின் விதித்தொகுப்பு கூறுகிறது. விரால் காற்றையும் சுவாசிக்கும் மீன். தண்ணீரை விட்டு எடுத்தாலும் சீக்கிரம் சாகாது. அதன் வேதனையும் நீளும்.

நமக்கு வரும் நஷ்டம்: துடிக்கும் மீனின் தசையில் சக்தி தீர்ந்து லாக்டிக் அமிலம் கூடுகிறது. விறைப்பு சீக்கிரம் வந்து சீக்கிரம் விலகுகிறது. சதை இளகி, விரைவில் கெடுகிறது.

சரியான முறை:

1. வாங்குபவர் மீனைத் தேர்ந்தெடுத்து, எடை போட்டபின் தாமதிக்கக் கூடாது.

2. ஈரத்துணியால் மீனை அழுத்திப் பிடித்து, கண்களுக்குச் சற்று மேலே, மூளை இருக்கும் இடத்தில் கனமான மரக்கட்டையால் ஓங்கி ஒரே அடி அடிக்க வேண்டும். விராலின் மண்டை கெட்டி. அடி வலுவாக இருக்கட்டும்.

3. செவுள் மூடி அசைவது நின்றதா, மீனைப் புரட்டும்போது கண் அசையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அசைந்தால் உடனே மறுபடி அடிக்க வேண்டும்.

4. உடனே செவுளை அறுத்து ரத்தத்தை வடிய விட வேண்டும். செதில் சுரண்டுவதும் வயிற்றைக் கீறுவதும் அதற்குப் பிறகே. உடனே விற்காத மீனை இப்போது ஐஸில் வைக்கலாம்.

நார்வே, பிரிட்டன் நாட்டு சால்மன் ஆலைகளில் இயந்திர அடியாலோ மின்சாரத்தாலோ மீனை மயக்குகிறார்கள். அதைப் பார்த்து நாம் கடையில் கரண்ட் ஒயரைத் தொட்டியில் விடக் கூடாது. ஈரத் தரையில் ஆளுக்கே ஆபத்து. அளவு குறைந்த மின்சாரத்தில் மீன் அசைவற்றுக் கிடந்தாலும் உணர்வு இருக்கக்கூடும்.

இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. ஒரு கட்டையும் கொஞ்சம் பயிற்சியும் போதும். மீன் வெட்டும் வேலையாட்களுக்கு இதை நாமே நேரில் செய்து காட்டிப் பழக்கிவிட வேண்டும்.