தோலும் சோறும்: அமினோ அமிலங்கள் கூறும் பாடம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்னும் ஊர்ப்பெயர்களைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது தோல் பதனிடும் தொழிலே. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் உள்ளதும் புரதமே. அங்ஙனமாயின் இவ்விரண்டும் உடலுக்கு ஒரே பயனைத் தருமா? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புரதங்கள் யாவும் அமினோ அமிலங்களின் கோவைகளாகும். நம் உடற்புரதங்களில் அமையும் 20 அமினோ அமிலங்களுள் 11-ஐ உடலே ஆக்கிக்கொள்ளும். ஹிஸ்டிடின், ஐசோலூசின், லூசின், லைசின், மெத்தியோனின், ஃபீனைல்அலனின், திரியோனின், டிரிப்டோஃபேன், வாலின் ஆகிய 9-ஐயும் உணவிலிருந்தே பெறவேண்டும். இவை இன்றியமையா அமினோ அமிலங்கள் எனப்படும்.

கொலாஜனின் அமைப்பு

கொலாஜனின் அமைப்பை உலகுக்கு உணர்த்தியது நம் தமிழகமே என்பது பெருமைக்குரியது. 1954-ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதன் முச்சுருள் அமைப்பை வெளியிட்டனர். மூன்று இழைகள் கயிறுபோல் முறுக்கிக்கொள்ள, ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைந்துள்ளது. இடம் குறுகிய முறுக்கின் உட்புறத்தில் வேறொன்றும் அடங்காது. குரோம் உப்பு பற்றிக்கொள்வதும் இவ்விழைகளிலுள்ள அஸ்பார்டிக், குளுடாமிக் அமிலங்களின் பக்கக் கிளைகளையே. அதனாற்றான் பதனிட்ட தோல் அழுகுவதில்லை.

ஆனால் கொலாஜனில் டிரிப்டோஃபேன் அறவே இல்லை. பாரிஸ் நகரில் எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டினை ஏழைகளுக்கு உணவாக அளித்து வந்தனர். ஜெலட்டின் என்பது சிதைந்த கொலாஜனே. அதை மட்டும் உண்ட நாய்கள் மெலிந்து மடிந்ததை 1841-இல் மஜாந்தி தலைமையிலான குழு அறிவித்தது. காரணத்தின் ஒரு பகுதி 1901-இல் ஹாப்கின்ஸ் டிரிப்டோஃபேனைக் கண்டறிந்த பின்னரே விளங்கிற்று. இன்று விற்பனையாகும் கொலாஜன் பொடியும் தனித்து முழுமையான புரத உணவாகாது.

குறைவதே எல்லை

செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் மேற்பகுதிகள் 100 சோடியும் அடிப்பகுதிகள் 60 சோடியும் இருப்பின், 60 சோடிச் செருப்புகளே உருவாகும். உடலும் அவ்வாறே. ஓர் இன்றியமையா அமினோ அமிலம் குறைந்தால் அந்த அளவிற்கே புரதம் ஆக்கப்படும். எஞ்சியவற்றை உடல் சேமித்து வைப்பதில்லை. அவற்றின் நைட்ரஜன் யூரியாவாகச் சிறுநீரில் வெளியேறும். எனவே நாள்தோறும் இவை தேவை.

அரிசிப் புரதம் ஒரு கிராமில் ஏறக்குறைய 37 மில்லிகிராம் லைசினே உண்டு. 2007-இல் வெளியான உலக சுகாதார நிறுவன அறிக்கை பெரியவர்களுக்கு வகுத்த அளவு 45 மில்லிகிராம். வளரும் குழந்தைக்கு இதனினும் மிகுதியாக வேண்டும். பருப்பு வகைகளில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. அரிசியிலோ மெத்தியோனின் போதிய அளவு உண்டு. ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்கிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, பாசிப்பருப்புப் பொங்கல், கேழ்வரகுக் களியுடன் கொள்ளுக் குழம்பு ஆகியவை நம் அன்னையர் அனுபவத்தால் கண்ட அறிவியல் எனலாம்.

நம் உடலிலும் கொலாஜன் உருவாக வைட்டமின் சி துணை வேண்டும். புரோலின் ஹைட்ராக்சிபுரோலினாக மாற அது உதவுகிறது. அது இன்றேல் ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் வரும். நெல்லிக்காயும் கொய்யாவும் இதற்கு எளிய மருந்து.

வெறுஞ்சோறும் ரசமும் வயிற்றை நிரப்பும். குழந்தையின் தசையை வளர்க்கா. உழைப்பாளர் இல்லங்களில் முட்டையும் பாலும் நாள்தோறும் வாங்க இயலாமற் போகலாம். ஒரு கைப்பிடிப் பருப்போ, கொள்ளோ, வேர்க்கடலையோ சோற்றோடு சேர்ந்தால் குறை பெரிதும் நீங்கும். வகுப்பறையில் கற்ற இவ்வேதியியலை நம் வீட்டு அடுப்பங்கரைக்குக் கொண்டு செல்வோமாக!