சுமந்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம்

ஓம் சரவணபவ.

எந்த விண்ணப்பத்தை எடுத்தாலும் "தந்தை பெயர்" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். அந்தக் கட்டத்தை நானே எத்தனையோ ஃபார்ம்ல வெச்சிருக்கேன். ஆனா நம்ம சின்ன வயசை யோசிச்சுப் பாருங்க, அது ஒரு கட்டத்துல அடங்காது. பெற்ற அப்பாவோடு தாய்மாமா, பெரியப்பா, தாத்தா, பாடம் சொல்லிக் கொடுத்த சார் என்று எத்தனை பேர் நம்மைத் தூக்கி விட்டிருப்பார்கள்! இவங்களை எப்படி நினைக்கணும்? முருகன் கதையிலேயே இதற்கு மூன்று பாடம் இருக்கிறது.

1. சுமந்தவர்களை மறக்காத பெயர்கள்

கந்தபுராணம் சொல்லும் அவதாரத்தை நினைத்துப் பாருங்கள். சிவபெருமானின் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த தீப்பொறிகளை வாயுவும் அக்னியும் சுமந்து கங்கையில் சேர்த்தார்கள். கங்கை சரவணப் பொய்கையில் சேர்த்தாள். அங்கே கார்த்திகைப் பெண்கள் அறுவர் பாலூட்டி வளர்த்தார்கள்.

இதில் யாருமே கடைசி வரைக்கும் சுமக்கவில்லை. அவரவர் பங்குக்கு ஒரு தூரம், அவ்வளவுதான். ஆனாலும் கங்கையால் காங்கேயன், கார்த்திகைப் பெண்களால் கார்த்திகேயன், பொய்கையால் சரவணபவன். கொஞ்ச தூரம் சுமந்தவர்களையும் சுவாமி தன் பெயரிலேயே வைத்திருக்கிறார்.

என் அப்பா வளைகுடாவில் வெல்டர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் லீவு. அவர் வெயில்ல நின்னு அனுப்பின பணத்தில்தான் நான் இன்ஜினியரிங் முடிச்சேன், அதைக் குறைச்சுச் சொல்லவே மாட்டேன். ஆனா எனக்குக் காய்ச்சல்னா டிவிஎஸ் 50ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது தாய்மாமா. பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தினப்போ உட்கார்ந்தது அவர் மடியில். திண்டுக்கல்லில் இருந்து தைப்பூசப் பாதயாத்திரை போனப்போ, கால் வலிச்சு அழுத என்னைத் தோள்ல தூக்கிட்டு நடந்ததும் அவர்தான்.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது அப்பாவுக்கு நாலு மாசம் சம்பளம் வரலை. கணக்கு டியூஷன் சார் ஃபீஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கலை. "பரீட்சை முடியட்டும்டா, அப்புறம் பார்ப்போம்" என்றார். அவர் சுமந்தது அந்த ஒரு வருஷம்தான். அந்த வருஷத்தைக் கழிச்சுட்டா நான் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டேன்.

2. வளர்த்தவர் கையால்

வள்ளியம்மை நம்பிராஜனுக்குப் பிறந்தவள் இல்லை. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்த குழந்தையை எடுத்து, தன் மகளாகவே வளர்த்தார் அந்த வேடர் தலைவர். முருகன் வள்ளியை அழைத்துக்கொண்டு போனபோது நம்பி படையோடு துரத்தி வந்து வீழ்ந்தார். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் நாரதர் வந்து முறையை நினைவூட்ட, முருகன் அருளால் வள்ளி தன் தந்தையையும் அண்ணன்மாரையும் எழுப்பினாள். பிறகு சுவாமி நம்பியின் ஊருக்கே போய், அவர் கையாலேயே பெண்ணைப் பெற்றுக்கொண்டார். திருத்தணிக்குப் போனது அதற்கப்புறம்தான்.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் தங்கை கல்யாணம்தான் ஞாபகம் வரும். மாமாவுக்குப் பிள்ளை கிடையாது. தாரை வார்க்கிற நேரத்துல அவர் பந்தியைக் கவனிக்கிற மாதிரி ஒதுங்கி நின்னார். அப்பா மணவறையில் இருந்தே கூப்பிட்டார்: "மாப்ள, வளர்த்தது நீ. வா, கையைக் கொடு." மாமா கை நடுங்கினதைப் பார்த்தேன். பக்கத்துல இடம் கொடுத்ததால் அப்பா எந்த விதத்திலும் குறைந்துவிடவில்லை. எங்க கண்ணுக்கு அன்னைக்குத்தான் இன்னும் பெரிய மனுஷனாத் தெரிஞ்சார்.

3. காதோடு சொன்ன பாடம்

சுவாமிமலையில் 60 தமிழ் வருடங்களைக் குறிக்கும் 60 படிகள் ஏறிப் போய் தரிசிக்கிறோம். பிரணவப் பொருளைத் தந்தைக்கே சொன்ன தகப்பன்சாமியின் அறிவைத்தான் எல்லோரும் புகழ்வோம். அப்பாவின் பக்கம் நின்றும் பாருங்கள். பிள்ளை முன்னால் சீடனாக உட்கார ஒரு தகப்பனுக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்! பிள்ளையும் சபை நடுவே முழங்கவில்லை, காதோடு சொன்னார்.

இப்போ நம்ம முறை. ஃபோன்ல பணம் அனுப்புறது எப்படின்னு மாமா என்கிட்ட மூணாவது தடவை கேட்கிறார். ஸ்பீடா பைக் ஓட்டினவர் இப்போ படியேற என் தோளைப் பிடிக்கிறார். வீட்ல எல்லார் முன்னாடியும் "எத்தனை தடவை சொல்றது?"ன்னு கேட்டா, அடுத்த தடவை கேட்கவே மாட்டார். பக்கத்துல உட்கார்ந்து, மெதுவா, காதோடு சொல்லணும்.

நாம் செய்யக்கூடியது

கிருத்திகை விரதமே வளர்த்தவர்களுக்குச் சிவபெருமான் கொடுத்த மரியாதைதானே? வரும் கிருத்திகை அன்று விளக்கேற்றி முடித்ததும், உங்களைச் சுமந்த ஒருவருக்கு ஃபோன் போடுங்கள். மெசேஜ் ஃபார்வர்டு பண்ணினா போதாது, பேசுங்கள். "நீங்க ரொம்ப நல்லவர்"னு பொதுவா சொல்லாம, "அன்னைக்கு ஃபீஸ் கேட்காம இருந்தீங்களே சார்" என்று அவர் செய்ததையே எடுத்துச் சொல்லுங்கள். அவரே அதை மறந்திருப்பார். அவர் இப்போது இல்லை என்றால் அவர் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தன் அப்பா இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கும் அப்பாவாக இருந்தது அவர்களுக்குத் தெரியட்டும்.

ஃபார்ம்ல ஒரு கட்டம்தான் இருக்கும். நம்ம வாயில அப்படி ஒரு கணக்கு கிடையாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!