விசைப்பலகையின் முன்னமைப்பு

பிறர் நமக்கென முன்னரே அமைத்து வைத்ததொன்றை, அஃது இயற்கையாகவே அமைந்ததென நாம் எண்ணிவிடுதல் உலக வழக்கு. மேசைக் கணினியின் விசைப்பலகையும் அத்தகையதே. அதன் இயல்பினை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

விசையின்மீது பொறித்த எழுத்தைக் கணினி அறியாது. விசையை அழுத்துங்கால் குறியெண் ஒன்றே உட்செல்லும். இயங்குதளம் தன்பாலுள்ள அட்டவணையை நோக்கி, அவ்வெண்ணுக்குரிய எழுத்தைத் திரையில் இடும். ஆங்கில அமைப்பில் 'கியூ' தரும் விசை, பிரெஞ்சு அமைப்பில் 'ஏ' தருவது இதனாலேயே. பலகை ஒன்று, அட்டவணையே வேறு.

இனித் தமிழின் நிலையைக் காண்போம். இந்திய மொழிகட்குப் பொதுவாக வகுத்த 'இன்ஸ்கிரிப்ட்' அமைப்பு, 1991-ஆம் ஆண்டின் இந்தியத் தரநிர்ணயத்தில் இடம்பெற்றது. தமிழுக்கெனவே வகுத்த 'தமிழ்99' அமைப்பைத் தமிழ்நாட்டு அரசு 1999-ஆம் ஆண்டில் ஏற்றது. ஆயினும், 2000-ஆம் ஆண்டில் தமிழெழுத்துக்கு இடந்தந்து வெளிவந்த விண்டோஸ் இயங்குதளம் முன்னதையே தமிழமைப்பாகக் கொண்டிருந்தது.

இவ்விரண்டிற்கும் வேற்றுமை யாதெனின், 'அம்மா' என்னும் சொல்லே சான்று பகரும். இன்ஸ்கிரிப்டில் அகரத்திற்கு 'ஷிப்ட்' விசையின் துணை வேண்டும். மகரம், புள்ளி, மகரம், கால் ஆகியவற்றைப் பின்னர்த் தனித்தனியே இடவேண்டும். தமிழ்99-இல் அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். மகரம் இரட்டிக்குங்கால் புள்ளி தானே அமையும். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் ஷிப்டின் துணையின்றியே கிடைக்கும். எனினும், ஓர் அமைப்பைப் பயின்றார் பிற இந்திய எழுத்துக்களையும் எளிதிற் பயிலலாம் என்பது இன்ஸ்கிரிப்டின் சிறப்பாம். அதனை மறுத்தல் நேர்மையன்று.

முன்னமைப்பை மாற்றுவார் சிலரே. முதலிற் கண்ட அமைப்பு கைக்கு இசையாதாயின், தமிழை எழுதுதலே அரிதெனக் கருதி, ஆங்கில எழுத்தாலேயே தமிழை எழுதப் பழகுவார் பலர். குற்றம் மொழியினதன்று; அட்டவணையினது. அவ்வட்டவணையோ சில நொடிகளில் மாற்றத்தக்கது.

ஆதலின் மாணவர்காள்! கணினியின் அமைப்புகளுள் மொழிப்பகுதியைத் திறந்து நோக்குமின். இந்நாளைய விண்டோஸிலும் மேக் கணினியிலும் தமிழ்99 உடனிருக்கின்றது. இரண்டையும் பயின்று, கைக்கு இசைந்ததைத் தேர்ந்து கொள்ளுமின். பிறர் தேர்ந்ததையே நாம் கொள்ளினும், அறிந்து கொள்ளுதல் வேறு. அறியாது கிடத்தல் வேறு.