பின் டயர் சொல்லும் சேதி

கார் ஓட்டுபவர் முன் டயரை அடிக்கடி பார்ப்பார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன் டயர் வெளியே தெரியும். பின் டயர் அப்படி இல்லை. அதன் உள் பக்கம் கண்ணில் படுவதே இல்லை. அங்கே பட்டன் தேய்ந்து கம்பி தெரியும் வரை பலருக்குத் தெரியாது.

பின் டயர் மொட்டையானால் ஆபத்து அதிகம். மழையில் பிரேக் போட்டால் காரின் பின்பக்கம் சறுக்கும். வண்டி சுற்றிக்கொள்ளும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தும் பயன் இருக்காது.

ஒரு டாக்ஸி ஓட்டுநரும் மெக்கானிக்கும் பேசுவதைப் படிப்போம்.

ஓட்டுநர்: அண்ணே, இந்த டயர் போட்டு 8 மாதம்தான் ஆகிறது. உள் பக்கம் மொட்டை. வெளிப் பக்கம் புதிதுபோல் இருக்கிறது. மட்டமான சரக்கைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்.

மெக்கானிக்: வலது பக்கத்து டயர் எப்படி இருக்கிறது, தம்பி?

ஓட்டுநர்: அது நன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் வாங்கியதுதான்.

மெக்கானிக்: இடது பக்கம் இதற்கு முன் இருந்த டயர்?

ஓட்டுநர்: அதுவும் இதே மாதிரிதான் தேய்ந்தது.

மெக்கானிக்: ஒரே இடத்தில் இரண்டு டயர் ஒரே மாதிரி தேய்ந்திருக்கிறது. குற்றம் டயரில் இல்லை. வண்டியில் இருக்கிறது. இன்னொரு டயர் வாங்கிப் போட்டாலும் அதையும் தின்றுவிடும்.

ஓட்டுநர்: வண்டிக் கடனே இன்னும் முடியவில்லை, அண்ணே. டயருக்கே சம்பாதித்தால் வீட்டுக்கு என்ன கொண்டுபோவேன்?

மெக்கானிக்: அதனால்தான் சொல்கிறேன். முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம். பிறகு டயர் வாங்கலாம்.

தேய்ந்த இடத்தைப் பாருங்கள்

டயர் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் குறை என்ன என்று தெரியும்.

1. இரண்டு ஓரங்களும் தேய்ந்து, நடுப்பகுதி நன்றாக இருக்கிறதா? காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறீர்கள்.

2. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருக்கிறதா? காற்று அதிகம்.

3. ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறதா? சக்கரம் நேராக நிற்கவில்லை.

4. டயரின் குறுக்கே கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பம் போலவும் இருக்கிறதா? சக்கரம் கோணலாக இழுபட்டு ஓடுகிறது. கம்பி வெளியே தெரிந்தால் தடவ வேண்டாம். கையைக் கிழித்துவிடும்.

5. ஆங்காங்கே குழி குழியாகத் தேய்ந்திருக்கிறதா? ஷாக் அப்சர்பர் பலம் இழந்திருக்கலாம். சக்கரத்தின் பேலன்ஸ் அல்லது பேரிங்கும் கெட்டிருக்கலாம்.

காற்று எவ்வளவு வேண்டும் என்று காரிலேயே எழுதி ஒட்டியிருப்பார்கள். பல கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தச் சீட்டு தெரியும். ஆட்களும் சுமையும் நிறைய இருந்தால் பின் டயருக்குக் கூடுதல் காற்று தேவை. அந்த அளவும் பல சீட்டுகளில் தனியாக இருக்கும். டயர் சூடாவதற்கு முன் காற்றைப் பாருங்கள்.

பின்பக்கத்தின் அமைப்பு

2014 வரை தயாரான அம்பாசடர் காரில் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் இருந்தது. மாருதி ஆம்னி வேனிலும் அப்படியே. பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் ஒன்று உண்டு. அது உடைந்தால் ஆக்சில் இடம் விலகும். வண்டி நண்டு போல் சற்றுக் கோணலாக ஓடும்.

இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே ஆக்சில் இணைக்கிறது. சக்கரம் பெரிய குழியில் விழுந்தால் இந்த ஆக்சில் வளையலாம். ஆக்சிலைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தாலும் சக்கரம் நேராக நிற்காது.

நீங்களே செய்து பாருங்கள்

காரைச் சமமான தரையில் நிறுத்துங்கள். சுமையை இறக்கிவிடுங்கள்.

முதல் சோதனை: பின் சக்கரத்துக்கு மேலே காரை நன்றாக அழுத்தி விடுங்கள். கார் எழும்பி உடனே அடங்க வேண்டும். பலமுறை ஆடினால் ஷாக் அப்சர்பர் பலம் இழந்துவிட்டது. அதன் மேல் எண்ணெய் கசிந்திருந்தாலும் அப்படியே. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

இரண்டாம் சோதனை: சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். மறு பக்கமும் அளந்து எழுதுங்கள். ஒரு பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அல்லது உடைந்திருக்கும்.

மூன்றாம் சோதனை: ஸ்டியரிங்கை நேராக வையுங்கள். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு அளவும் ஒன்றாக இருக்கும். வேறுபட்டால் ஆக்சில் விலகியிருக்கலாம்.

எச்சரிக்கை: ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். பெரும்பாலான கார்களில் கைபிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் கைபிரேக்கை நம்ப முடியாது. ஆகவே முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள்.

அளவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள்

அலைன்மென்ட் கடையில் நான்கு சக்கரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். சில கடைகளில் முன் சக்கரங்களை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். அளவுத் தாளையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சக்கரமும் இருக்க வேண்டிய அளவு அதில் இருக்கும். இப்போது உள்ள அளவும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் படியுங்கள்.

நம் ஓட்டுநரும் தாளை வாங்கிப் படித்தார். மூன்று சக்கரங்கள் சரியாக இருந்தன. இடது பின் சக்கரத்தின் எண் மட்டும் மாறியிருந்தது.

மெக்கானிக்: இந்தச் சக்கரம் எங்கேயாவது குழியில் விழுந்ததா, தம்பி?

ஓட்டுநர்: ஆமாம், அண்ணே. போன வருடம் மழையில் குழி தெரியவில்லை. டமார் என்று விழுந்தது. டயர் வெடிக்கவில்லை என்று அப்படியே ஓட்டிவந்துவிட்டேன்.

மெக்கானிக்: அன்றைக்கே ஆக்சில் வளைந்திருக்கிறது. சூடு காட்டி நிமிர்த்தினால் அதன் பலம் குறையும். மாற்றுவதுதான் நல்லது.

ஆக்சிலை மாற்றினார்கள். மறுபடியும் அளந்தார்கள். நான்கு சக்கரங்களும் சரியாக நின்றன. அதன் பிறகே புது டயர் வாங்கினார்கள்.

நினைவில் வையுங்கள்

• மாதம் ஒருமுறை பின் டயரின் உள் பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.
• காரின் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இது சட்டம். பட்டன்களுக்கு இடையே சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேடு அளவுக்குத் தேய்ந்தால் டயரை மாற்றுங்கள்.
• சக்கரம் பெரிய குழியில் விழுந்தால் அலைன்மென்ட் பாருங்கள்.

பயிற்சி

1. ஓட்டுநர் யார்மீது பழி போட்டார்? குறை எங்கே இருந்தது?
2. டயரின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காரணம் என்ன?
3. ஒரு காரில் மட்கார்டு வரை உள்ள உயரம் இடது பக்கம் 36 செ.மீ., வலது பக்கம் 33 செ.மீ. வித்தியாசம் எவ்வளவு? எந்தப் பக்கத்து ஸ்பிரிங்கைப் பார்க்க வேண்டும்?
4. உங்கள் ஊரில் கார் அல்லது வேன் வைத்திருப்பவரிடம் கேட்டு, அதன் பின் டயர்களைப் பாருங்கள். கண்டதை ஐந்து வரிகளில் எழுதுங்கள்.