சுருக்கிய படக்கோப்பும் ஒளித்தட்டுக் கருவியும்

தமிழும் மலையாளமும் வழங்கும் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதிகளில் பாடப்படங்களை ஒளித்தட்டிற் பதிந்து வகுப்பிற் காட்டும் ஆசிரியர்க்கு இருவகை இடர்கள் நேரக்கூடும். படம் கட்டங்கட்டமாகச் சிதைதல் ஒன்று. விட்டுவிட்டு ஓடுதல் மற்றொன்று. இவற்றின் காரணங்கள் வெவ்வேறானவை.

720க்கு 576 புள்ளிகள் கொண்ட டி.வி.டி. படம் வினாடிக்கு 25 சட்டங்களாக ஓடுகிறது. அதனைச் சுருக்காது வைப்பின் வினாடிக்கு 12 கோடிக்கு மேற்பட்ட பிட்டுகள் வேண்டும், டி.வி.டி. முறை படத்திற்கு அளிக்கும் உச்ச வரம்போ 98 லட்சமே. எனவே சுருக்குதல் இன்றியமையாதது. ஆயின் அளவு மீறிச் சுருக்கின் நுண்விவரங்கள் அழிந்து கட்டங்கள் தோன்றும்; தேசப்படத்தின் சிற்றெழுத்துகள் மங்கும். அழிந்ததை எக்கருவியும் மீட்டுத் தராது.

விட்டுவிட்டு ஓடுவதோ, பெரும்பாலும் கோப்பின் பிட் வேகம் கருவியின் ஆற்றலை விஞ்சுவதால் நிகழ்வது. இதற்குப் பரிகாரம் உண்டு. வேகத்தைக் குறைத்துக் கோப்பை மீண்டும் ஆக்கிக்கொள்ளலாம். டிவ்எக்ஸ் கோப்பை ஏற்கும் பழைய கருவிகள் பல எச்.264 கோப்பை ஏற்பதில்லை. அதனை எம்பெக்-2 முறைக்கு மாற்றுதல் வேண்டும். மாற்றத்திற்கு மூலப்பிரதியையே கொள்க. சுருக்கியதை மீண்டும் சுருக்கின் குறை பெருகும்.

கணினியில் நன்கு ஓடுவது கருவியிலும் அவ்வாறே ஓடும் எனக் கருதலாகாது. வகுப்பில் வைக்கும் அதே கருவியில், விரைந்த அசைவும் சிற்றெழுத்தும் உள்ள பகுதிகளைக் கடைசி வரிசையிலிருந்து முன்கூட்டியே பார்த்தறிதல் நலம்.