காதோர முடி சொல்லும் கணக்கு

நம்பிக்கை: அமெரிக்காவின் பழைய மார்கன் டாலர் காசில் சுதந்திர தேவியின் காதுக்கு மேலுள்ள முடி மழுங்கியிருந்தால், அது கைமாறித் தேய்ந்த காசு.

உண்மை: தேய்ந்தும் இருக்கலாம், அடிக்கும்போதே சரியாகப் பதியாமலும் போயிருக்கலாம். 26.73 கிராம் எடையுள்ள பெரிய வெள்ளிக்காசு இது. முகப்பில் காதோர முடிக்கு ஏறக்குறைய நேர் பின்னால் கழுகின் மார்பு இருக்கிறது. அடி விழும்போது நடுவிலுள்ள வெள்ளி இரண்டு பக்கமும் மேலெழுந்தாக வேண்டும். அச்சுகளுக்கு இடையே இடைவெளி சற்றுக் கூடினாலும் முதலில் நிரம்பாமல் போவது இந்த இரண்டு இடங்கள்தான். நியூ ஆர்லியன்ஸில் அடித்த ‘ஓ’ குறிக் காசுகளில், முக்கியமாக 1891, 1892 ஆண்டுகளில், இது சகஜம்.

ஒரே ஒரு விளக்கின் கீழ் காசை மெல்லச் சாய்த்துச் சுழற்றுங்கள். பதியாத இடத்தின் மேலும் மினுமினுப்பு அறுபடாமல் ஓடும். லென்ஸ் வைத்தால், அச்சு தொடாத வெற்று வெள்ளித்தகட்டின் பழைய கீறல்களும் சிறு குழிகளும் தெரியும். தேய்ந்த இடமோ வழவழவென்று, மங்கிய சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஒளி அங்கே நின்றுவிடும். கன்னமேட்டையும் பாருங்கள். அதுவும் மங்கியிருந்தால், “அச்சு சரியா விழலை, அவ்வளவுதான்” என்று விற்பவர் சொல்லும் சமாதானத்தை ஏற்காதீர்கள். தேய்ந்த காசைப் புதுக்காசு விலைக்குத் தள்ளிவிட அந்த வார்த்தை நன்றாகவே பயன்படுகிறது.

நம்பிக்கை: தரச்சான்றில் மதிப்பெண் கூடுதலாக இருந்தால் அச்சும் துல்லியமாகவே இருக்கும்.

உண்மை: மதிப்பெண் என்பது கீறல், மினுமினுப்பு, அச்சு, தோற்றம் எல்லாம் சேர்ந்த கணக்கு. கீறலே இல்லாத காசு, முடி மொட்டையாக இருந்தும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும். தரச்சான்றுப் பெட்டிமேல் ஒட்டிய எண்ணுக்குப் பணம் கொடுக்காதீர்கள்; காசைப் பார்த்துக் கொடுங்கள்.

நம்பிக்கை: துலக்கினால் நுணுக்கம் எழும்பி வரும்.

உண்மை: வராது. குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்குவதுபோல் காசைத் துலக்கினால், இருக்கிற மேல்பரப்பும் போய் மயிரிழைக் கீறல்கள்தான் மிஞ்சும். அந்தச் சேதத்துக்கு மருந்து இல்லை.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் 1881-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் அடித்த ‘எஸ்’ குறிக் காசு ஒன்றை வாங்குங்கள். தாராளமாகக் கிடைக்கிறது, அச்சும் பொதுவாகக் கூர்மை. அதில் முடியிழைகளைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்ட பிறகு நியூ ஆர்லியன்ஸ் பக்கம் போங்கள்.